விலையைப் பார்க்கும் முன் பின்கோடைக் கேளுங்க

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. அதிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கம் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் பழைய சிஸ்டங்களை மாற்றுகிற பேச்சுதான். மாற்றுகிற முறை மட்டும் மாறவே இல்லை. மூணு பார்ட்டிகிட்ட கோட்டேஷன் வாங்குறது, கடைசி வரியில் யார் தொகை குறைவோ அவங்களுக்கு பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) போடுறது. அடுத்த வருஷம் இன்னும் பத்து சிஸ்டம் தேவைப்பட்டால் வேறொரு பார்ட்டி, வேறொரு மாடல். நாலு வருஷத்தில் அந்த ஆபீசில் ஏழு வகை மெஷின் நிற்கும். ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குச் சேராது.

டெஸ்க்டாப் சப்ளையரை விலையை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மூணாவது வருஷம் மதர்போர்டு போகும் அன்று யார் வந்து நிற்பார் என்பதை வைத்துத் தேர்ந்தெடுக்கணும். இதுதான் என் கருத்து. அதைக் கோட்டேஷன் கட்டத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் கேள்வி பின்கோடு. கோவை அவிநாசி ரோட்டில் இருக்கிற ஆபீசுக்கும் வெள்ளகோவில் பக்கம் இருக்கிற மில்லுக்கும் பேப்பரில் ஒரே வாரண்டிதான், "அடுத்த வேலை நாள், உங்கள் இடத்திலேயே சர்வீஸ்" என்று. ஆனால் அந்த "அடுத்த நாள்" கணக்கு, போனில் பேசி என்ன பழுது என்று உறுதியான பிறகுதான் தொடங்கும். சாயங்காலம் கட்-ஆஃப் நேரம் தாண்டினால் ஒரு நாள் தள்ளும். பாகம் அந்த ஊருக்கு வந்து சேரும் நேரம் தனி. சாதாரண வாரண்டியில் சனிக்கிழமை பெரும்பாலும் வேலை நாளே அல்ல. நமக்கோ சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சம்பள சிஸ்டம் படுத்துவிட்டால் திங்கள்கிழமை வரை ஆளுங்களுக்கு என்ன பதில் சொல்வீங்க? அதனால் உங்கள் ஒவ்வொரு யூனிட்டின் பின்கோடையும் எழுதிக் கொடுத்து, "இந்த இடங்களுக்கு எத்தனை நாளில் இன்ஜினியர் வருவார், பாகம் எந்த ஊரிலிருந்து வரும்" என்று எழுத்தில் பதில் கேளுங்க. தடுமாறாமல் பதில் தருகிற பார்ட்டியிடம் மட்டும் மேற்கொண்டு பேசினால் போதும். அதோடு நாற்பது சிஸ்டம் வாங்கினால் இரண்டை ஸ்பேராக டெஸ்பாட்ச் ரூமில் தயாராக வைங்க. எந்த வாரண்டியும் அந்த ஸ்பேர் அளவுக்கு வேகமாக வராது.

அடுத்து மாடல் வரிசை. ஒரே பிராண்டிலேயே வீட்டுக்கான வரிசை, ஆபீசுக்கான வரிசை என்று இரண்டு உண்டு. டெல்லில் ஆப்டிபிளெக்ஸ் (2025 முதல் டெல் புரோ என்ற பெயரில் வருகிறது), ஹெச்பியில் புரோடெஸ்க், எலைட்டெஸ்க், லெனோவாவில் திங்க்சென்டர், ஏசரில் வெரிட்டான், இவையெல்லாம் ஆபீஸ் வரிசை. வீட்டு வரிசை சில ஆயிரம் குறைவாக இருக்கும். ஆனால் அதில் பெரும்பாலும் விண்டோஸ் ஹோம்தான் வரும். ஹோம் எடிஷனை டொமைனில் (கம்பெனி சிஸ்டங்களை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு) சேர்க்க முடியாது, எல்லா சிஸ்டத்துக்கும் ஒரே விதி வைக்கும் குரூப் பாலிசியும் கிடையாது. பிறகு ஒவ்வொன்றுக்கும் புரோ லைசென்ஸ் வாங்கினால் மிச்சம் பிடித்தது போய்விடும். ஐந்நூறு ரூபாய்க்கு "ஒரிஜினல் கீ" தருகிறோம் என்பவர்களை ஆபீஸ் வாசலோடு அனுப்பிவிடுங்க. அந்த கீயை நம்பி ஆடிட்டில் கணக்குக் காட்ட முடியாது.

கோட்டேஷனில் "ஐ5, 8 ஜிபி, 512 எஸ்எஸ்டி" என்று மட்டும் இருந்தால் அது கோட்டேஷனே இல்லை. ஐ5 என்ற பெயரில் பதினைந்து வருஷப் பிராசசர்கள் இருக்கின்றன. 2023 கடைசியிலிருந்து இன்டெல் அந்தப் பெயரையே "கோர் 5", "கோர் அல்ட்ரா 5" என்று மாற்றிக்கொண்டு வருகிறது. பிராசசரின் முழு எண், ரேம் ஒரே ஸ்டிக்கா இரண்டா, காலி ஸ்லாட் உண்டா, எஸ்எஸ்டி வேகமான என்விஎம்இ வகையா, பின்பக்கம் என்னென்ன போர்ட், மானிட்டருக்கு எந்தக் கேபிள், இத்தனையும் வரணும். டாலி, பில்லிங், எக்செல், பிரவுசர் இவ்வளவுதான் வேலை என்றால் 12-ம் தலைமுறைக்கு மேற்பட்ட ஐ3 கூடப் போதும். காசை 16 ஜிபி ரேமில் போடுங்க. பேட்டர்ன், மார்க்கர், டை என டிசைன் வேலை பார்க்கும் சிஸ்டம் தனி மாடல். கம்பெனி முழுக்க இந்த இரண்டு மாடலுக்கு மேல் வேண்டாம். 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியதால் பல பார்ட்டிகள் கோட்டேஷனுக்குச் சில நாள்தான் கெடு தருகிறார்கள். ஒப்புதல் வாங்க இரண்டு வாரம் இழுக்கும் கம்பெனிகள் இதை முன்கூட்டியே பேசி வைக்கணும்.

பெங்களூரிலிருந்து வரும் ரீஃபர்பிஷ்டு (பழசைச் சரிசெய்து விற்கும்) சிஸ்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 6, 7-ம் தலைமுறை இன்டெல் மெஷின்கள் விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை (7-ம் தலைமுறையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாடல்கள் விலக்கு). 8-ம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருந்தால்தான் கணக்கு. இதையெல்லாம் மீறி 11-ஐ ஏற்றித் தருகிறோம் என்று சொல்லி விற்பதை வாங்காதீங்க.

அசெம்பிள்ட் (கடையில் பாகங்களைச் சேர்த்து மாட்டித் தரும் சிஸ்டம்) பற்றி எப்போதும் சண்டை நடக்கும். ஐந்து சிஸ்டம் உள்ள ஆபீசுக்கு, நம்பிக்கையான கடைக்காரர் பக்கத்திலேயே இருந்தால், தாராளமாக வாங்கலாம். நாற்பதுக்கு வேண்டாம் என்பேன். அசெம்பிள்டில் போர்டுக்கு ஒரு கம்பெனி வாரண்டி, ரேமுக்கு ஒன்று, எஸ்எம்பிஎஸ்-க்கு (உள்ளே கரண்ட் தரும் பெட்டி) ஒன்று. போர்டு போனால் கழற்றி அனுப்பி, திரும்பி வரும் வரை அந்த மேஜை காலி. ஆனால் பிராண்டடுக்கும் ஒரு குறை இருக்கிறது. ஆபீஸ் வரிசை மெஷின்கள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் கனெக்டர் அந்தக் கம்பெனிக்கே உரியது. கடையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் அதில் மாட்டாது. வாரண்டி முடிந்த மறுமாதம் எஸ்எம்பிஎஸ் போனால்தான் இது தெரிய வரும். அதனால் வாங்கும்போதே ஐந்து வருஷ வாரண்டிக்கு விலை கேளுங்க. வேண்டாம் என்றால் வாரண்டிக்குப் பிந்தைய எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு விலையையாவது எழுத்தில் வாங்குங்க.

நம்ம ஊர்த் தூசியைப் பற்றி எந்த பிரோஷரிலும் இருக்காது. நிட்டிங், ஸ்பின்னிங் யூனிட்டில் பஞ்சுத் தூசி ஹீட்சிங்க் இடுக்கில் கம்பளிபோல் படிந்துவிடும். ஃபேன் சுற்றும், காற்று போகாது. பிராசசர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பார்ப்பவர்கள் "சாஃப்ட்வேர் ஸ்லோ" என்பார்கள். ஃபவுண்டரியில் இரும்புத் தூசி இதைவிட மோசம், அது மின்சாரம் கடத்தும். உள்ளங்கை அளவு மினி மெஷின்கள் அக்கவுண்ட்ஸ் ரூமுக்கு நல்லவை. ஆனால் அவற்றின் ஹீட்சிங்க் இடுக்கு மிகக் குறுகல், புரொடக்‌ஷன் தளத்தில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அங்கே டவர் வைங்க, அதுவும் தரையில் வேண்டாம், இடுப்பு உயரத்தில். மாதம் ஒருமுறை புளோயரால் ஊதணும். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளணும். மில் கம்ப்ரசர் லைனை நேரடியாக வைக்கவே கூடாது, அதில் ஈரமும் ஆயிலும் கலந்து வரும்.

கரண்டும் அப்படித்தான். மின்னழுத்தத்தால் எரிந்த போர்டுக்குப் பொதுவாக வாரண்டி கிடையாது. சிஸ்டம் வருவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை விட்டு ஒவ்வொரு பிளக்கிலும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று மீட்டர் வைத்துப் பாருங்க. இரண்டு, மூன்றுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சரிசெய்த பிறகு மெஷின் மாட்டுங்க. டெமோ மெஷின் வரும்போது உங்கள் யூபிஎஸ்-இல் போட்டு, கரண்ட் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்க. விலை குறைந்த 600 விஏ யூபிஎஸ் சிலவற்றில் மாறுகிற அந்த நொடியில் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிவிடும். அந்த ஜோடி சேராது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

எடைமேடையும் தராசும் இருக்கிற கம்பெனிகளுக்கு இன்னொன்று. எடை காட்டும் இண்டிகேட்டர்கள் இன்னும் 9 பின் சீரியல் போர்ட்டில்தான் பேசுகின்றன. புதிய மெஷின்கள் பலவற்றில் அது இல்லை. ஆர்டரிலேயே சீரியல் போர்ட்டைக் கேட்டு வாங்கலாம், அதற்கு ஆகும் காசு சொற்பம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மலிவான யூஎஸ்பி கன்வெர்ட்டர் வாங்கினால், அதற்குள் பழைய அல்லது போலி புரோலிஃபிக் கம்பெனி சிப் இருந்தால், விண்டோஸ் 11-இல் அதன் டிரைவர் சாஃப்ட்வேரே அதை ஏற்காது. நெல் லாரி எடைமேடையில் நிற்கும்போது டிரைவர் சாஃப்ட்வேர் தேடிக்கொண்டு இருக்க முடியாது.

பணம் கொடுக்கும் முறையில்தான் நம் பிடி இருக்கிறது. அறுபது நாள் கடன் தருகிற பார்ட்டி அந்த வட்டியை விலையில் வைத்திருப்பார். கடன் இல்லாமல் ஒரு விலையும் கேட்டு ஒப்பிடுங்க. 18% ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரி எடுக்கணும் (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளணும்) என்றால் அவர் பில் உங்கள் ஜிஎஸ்டி போர்ட்டலின் 2பி பட்டியலில் வரணும். ரிட்டர்ன் ஒழுங்காகப் போடாத பார்ட்டியால் அந்தத் தொகை மாட்டிக்கொள்ளும். பத்து சதவீதத்தைப் பிடித்து வைத்து, எல்லா சிஸ்டமும் சரிபார்த்த பிறகு தருவதாக பிஓ-விலேயே எழுதுங்க.

சரிபார்ப்பது என்றால் பெட்டி எண்ணுவது இல்லை. ஒவ்வொரு சீரியல் எண்ணையும் பிராண்டின் வெப்சைட்டில் போட்டு, வாரண்டி என்று தொடங்குகிறது, எத்தனை வருஷம், எந்த நாட்டுக்கு என்று பார்க்கணும். டீலர் குடோனில் ஆறு மாதம் கிடந்த சரக்கில் வாரண்டி ஆறு மாதம் ஏற்கெனவே ஓடியிருக்கும். பில் தேதிக்கு மாற்றித் தரச் சொல்லலாம், மீதித் தொகை கையில் இருக்கும்வரை அது நடக்கும்.

கடைசியாக, போர்டு மாற்ற இன்ஜினியர் வரும் நாளுக்கு இரண்டு தயாரிப்பு. விண்டோஸ் 11 பல மெஷின்களில் டிஸ்க்கைத் தானாகவே என்கிரிப்ட் செய்து பூட்டிவிடுகிறது. போர்டு மாறினால் டிபிஎம்-மும் மாறும், உடனே அந்தப் பூட்டைத் திறக்கும் ரிக்கவரி கீ கேட்கும். அது யாரோ ஒரு பழைய ஊழியரின் மெயிலில் இருந்தால் டேட்டா போனதுதான். நாற்பது மெஷினின் கீயையும் முதல் வாரமே எடுத்து, ஒரு பிரதி ஆபீசிலும் ஒரு பிரதி வெளியிலும் வைங்க. புதிய போர்டு மாட்டிய பிறகு பயாஸில் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) மெஷினின் பழைய சர்வீஸ் எண் ஏற்றியிருக்கிறதா, விண்டோஸ் ஆக்டிவேட் ஆகிறதா என்று பார்த்த பின்பே இன்ஜினியரின் சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுங்க. கையெழுத்துப் போட்டுவிட்டால் அடுத்த முறை அந்த எண்ணில் புகார் பதிவு செய்யவே சிரமப்படணும்.