விருந்தினர் பட்டியலில் தொலைந்த கூத்து

கிளிநொச்சியில் ஒரு பண்பாட்டு அமைப்பின் மக்கள் தொடர்புப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறேன். கூத்துக் கலைஞர்களைத் தேடிப் போய்ப் பேசலாம், எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கிடைத்த வேலையோ விருந்தினர் பெயர்களை அடுக்குவது.

முல்லைத்தீவின் கோவலன் கூத்து மேடையேற்றத்துக்கு ஊடக அறிக்கை எழுதச் சொன்னார்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கல், முல்லைத்தீவுக்கே உரிய முல்லைமோடிப் பாணிப் பாடல், விடிய விடிய ஒலிக்கும் மத்தளம் என்று ஆசையாக எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்த தாளில் முதல் பந்தி முழுக்கப் பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர். (மூவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.) யாருக்கு 'மதிப்புக்குரிய', யாருக்கு வெறும் 'திரு' என்ற பஞ்சாயத்திலேயே ஒரு மத்தியானம் போய்விட்டது. கூத்தைப் பழக்கிய ஆசானான அண்ணாவியாரோ கடைசி வரியில், 'மற்றும் குழுவினர்' என்பதற்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிறார். இடம் போதாவிட்டால் பத்திரிகைக்காரர்கள் வாலில்தான் கத்தரிப்பார்கள். யார் காணாமல் போவார் என்று சொல்லவும் வேண்டுமா?

படங்களும் அப்படியே. குத்துவிளக்கேற்றும் கை, மாலை, பொன்னாடை, மறுபடியும் பொன்னாடை. ஆடியவர்களின் படம் ஒன்றே ஒன்று. அதிலும் கோவலனின் பாதி முகத்தை ஒலிவாங்கி மறைக்கிறது. பரவாயில்லை, இதையாவது அனுப்பலாமா என்று கேட்டேன்.

"தம்பி, அதில் தலைவர் இல்லையே" என்றார் பொறுப்பாளர்.

தலைவர் கூத்தாடவில்லையே ஐயா, அதற்கு நான் என்ன செய்வேன்!