அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது?

போன ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. கடையைத் திறந்து மெஷினைப் போட்டுவிட்டு வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா வந்து நின்றார். ஜமுனாமரத்தூர் பக்கத்து மலைக் கிராமம். முதல் நாள் மதியமே கிளம்பி, போளூர், வேலூர், சித்தூர் என்று பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். மடித்து மடித்துக் கிழியும் பக்குவத்துக்கு வந்துவிட்ட தாள்.

"இதுல எம்புள்ள என்ன பண்ணான்னு எழுதியிருக்குது, கொஞ்சம் படிச்சிச் சொல்லு சாமி."

எங்கள் ஊர் சித்தூர் மாவட்டம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு சின்ன கோர்ட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மொழியும் படிக்கத் தெரியும் என்பதால் நகல் எடுக்க வருகிறவர்களைவிடப் படித்துச் சொல்லக் கேட்டு வருகிறவர்கள் சில நாள் அதிகம்.

தாள் முழுக்கத் தெலுங்கு. மேலே "கைதுக்கான காரணங்கள்" என்று தலைப்பு. பன்னிரண்டு வரி. செம்மரக் கேஸ். கடைசி வரி இது: மேற்படி காரணங்கள் எனக்கு விளக்கிச் சொல்லப்பட்டன, நான் புரிந்துகொண்டேன். அதற்குக் கீழே பையன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். தமிழில். ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி அழுத்தி எழுதியிருக்கிறான்.

தெலுங்கில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாத பிள்ளை, தெலுங்கில் எழுதியதைப் புரிந்துகொண்டேன் என்று தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். இதை எழுத வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "கட்டை வெட்டப் போனவனுக்கு எந்த மொழியில் சொன்னால் என்ன?" என்று கேட்டார். அவருக்கும் அவரைப் போல நினைக்கிறவர்களுக்கும்தான் இந்தப் பதிவு.

அவன் வெட்டினானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது கோர்ட். செம்மரம் எங்கள் மலைகளின் சொத்து, உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம். அதை வெட்டுவது குற்றம்தான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. நான் பேசுவது அந்தத் தாளைப் பற்றி.

அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவு சொல்வது இவ்வளவுதான். கைது செய்தால் காரணத்தைச் சொல். அவர் விரும்பும் வக்கீலைப் பார்க்க விடு. 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்து. 19ஆவது பிரிவில் உள்ள உரிமைகள் குடிமக்களுக்கு மட்டும் உரியவை. 21, 22 இரண்டும் அப்படியல்ல, அங்கே "எந்த நபரும்" என்றிருக்கிறது. ஊர், மொழி, சாதி, குடியுரிமை எதையும் கேட்காத சொல்.

இந்தப் பிரிவு பிறந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசியல் நிர்ணய சபையில் 21ஆவது பிரிவு, சட்டம் வகுத்த நடைமுறைப்படி ஒருவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கலாம் என்ற அளவில் நின்றுபோனது. அப்படியானால் சட்டசபை எப்படிப்பட்ட நடைமுறையை வகுத்தாலும் சரியாகிவிடுமே என்று உறுப்பினர்கள் பலர் கொதித்தார்கள். அந்தக் குறையை ஓரளவுக்காவது ஈடுகட்டத்தான் 1949 செப்டம்பர் 15 அன்று அம்பேத்கர் இந்தப் பிரிவைக் கொண்டுவந்தார். காரணம் சொல், வக்கீலைப் பார்க்க விடு என்பதெல்லாம் அதுவரை சாதாரணச் சட்டத்தில் இருந்தவைதான். சாதாரணச் சட்டத்தை அடுத்த சட்டசபை மாற்றிவிடலாம். அரசமைப்பில் ஏற்றிவிட்டால் அவ்வளவு லேசில் கைவைக்க முடியாது.

கையோடு சோதனையும் வந்தது. கண்ணூர்க்காரரான கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் 1947 டிசம்பரிலிருந்தே சிறையில் இருந்தார். 1950இல், விசாரணை இல்லாமலே ஆளை உள்ளே வைக்க வழிசெய்யும் தடுப்புக் காவல் சட்டம் வந்ததும் அதன்கீழ் புது ஆணை கொடுத்து உள்ளேயே வைத்தார்கள். அதை எதிர்த்து அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கின் பெயர் "ஏ.கே.கோபாலன் எதிர் மதராஸ் மாநிலம்". அன்றைக்கு மலபாரும் மதராஸ் மாநிலம், எங்கள் சித்தூரும் மதராஸ் மாநிலம். எல்லைகள் எல்லாம் பிறகு வந்தவை. திருத்தணி அந்தப் பக்கம் போனது 1960 ஏப்ரல் 1இல். எங்கள் அத்தை வீடு தமிழ்நாட்டிலும் நாங்கள் ஆந்திரத்திலும் ஆனது அப்படித்தான்.

கோபாலன் தோற்றார். ஆனால் தடுப்புக் காவல் சட்டத்தின் 14ஆவது பிரிவு செத்தது. அது என்ன சொன்னது தெரியுமா? காவலில் வைத்ததற்கான காரணத்தைக் கைதி கோர்ட்டில்கூட வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் தண்டனை. காரணத்தை அவரிடம் சொல்வார்களாம், அவர் அதை நீதிபதியிடம் சொல்லக் கூடாதாம். மற்றதையெல்லாம் ஒத்துக்கொண்ட நீதிபதிகளுக்கே இது தாங்கவில்லை. அந்த ஒரு பிரிவை ஆறு பேரும் சேர்ந்து வெட்டி எறிந்தார்கள். நீதிபதி பசல் அலி அன்றைக்கே மாற்றுத் தீர்ப்பு எழுதினார். சட்டம் வகுத்த நடைமுறை என்றால் அதில் முன்னறிவிப்பும் தன் தரப்பைச் சொல்லும் வாய்ப்பும் இருந்தாக வேண்டும் என்றார். அவர் சொன்னதை நாடு ஏற்க 28 ஆண்டு ஆனது. 1978இல் மேனகா காந்தி வழக்கில்தான் நடைமுறை என்பது நியாயமானதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது.

காரணமே சொல்லாமல் ஒருவரை அள்ளிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதைக் கேரளம் பார்த்தது. 1976 மார்ச் 1, நெருக்கடி நிலைக் காலம். கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பிடித்ததற்கு ஏட்டில் ஒரு வரி இல்லை. அப்பா ஈச்சர வாரியர் ஓராண்டு காலம் வாசல் வாசலாக ஏறி இறங்கினார். நெருக்கடி நிலை முடிந்த பிறகு 1977இல் ஆட்கொணர்வு மனு போட்டார். கைதே செய்யவில்லை என்றது அரசு. உயர் நீதிமன்றம் அதை நம்பவில்லை. கக்கயம் முகாமில் அவர் வைக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது, முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகினார். உடல்கூடக் கிடைக்கவில்லை. ராஜன் காணாமல் போன சில வாரங்களில்தான், நெருக்கடி நிலையில் கைதிக்கு ஆட்கொணர்வு மனு போடும் உரிமையே இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. எச்.ஆர்.கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். பிறகு 44ஆவது திருத்தம் வந்தது. நெருக்கடி நிலையிலும் 20, 21 ஆகிய பிரிவுகளை நிறுத்திவைக்க முடியாது என்றானது.

"இதெல்லாம் பெரிய ஆட்கள் கேஸ், கட்டை வெட்டுகிறவனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று நண்பர் மறுபடி கேட்பார். சம்பந்தம் இருக்கிறது.

2015 ஏப்ரல் 7 விடியற்காலை சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கல்லையும் கோடரியையும் எறிந்தார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது செம்மரக் கடத்தல் தடுப்புப் படை. முதல் நாள் பஸ்ஸிலிருந்து எங்களில் சிலரை இறக்கிக்கொண்டு போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தில் சொன்னார்கள். எது உண்மை? பிடித்த நேரம், இடம், காரணம் என்று முதல் நாளே ஒரு தாள் எழுதப்பட்டிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அந்தத் தாள் கைதானவனுக்குக் காட்டும் சலுகை என்று நினைக்காதீர்கள். அது அரசைக் கட்டிப்போடுகிற தாள். இன்ன நாள், இன்ன இடம், இன்ன பொருள் என்று ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு வேறு கதை சொல்ல முடியாது. ஜாமீன் மனுவில் வக்கீல் பிடித்துக்கொள்ளும் முதல் கொம்பும் அதுதான்.

ஆனால் புரியாத மொழியில் எழுதினால் கட்டு ஒரு பக்கம் அவிழ்ந்துவிடுகிறது. பொய் இருந்தால் பொய் என்று சொல்ல வேண்டியவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாதே.

இது நான் கண்டுபிடித்த வாதம் அல்ல. 1962இலேயே, ஹரிகிஷன் எதிர் மகாராஷ்டிர மாநிலம் என்ற வழக்கில், ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் தடுப்புக் காவல் காரணங்களைக் கொடுத்துவிட்டு, போலீஸ் அதிகாரி வாயால் விளக்கிவிட்டார் என்று அரசு சொன்னது. ஆங்கிலம் ஆட்சிமொழிதானே என்றும் சொன்னது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. புரியும் மொழியில் கொடுக்காத காரணம் கொடுக்கப்படாத காரணம்தான் என்று சொல்லி அவரை விடுவித்தது. 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் சாதாரணக் கைதுக்கும் அதையே சொன்னது. கைதானவருக்குப் புரியும் மொழியில் காரணம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், சேர்ந்தது என்று நிரூபிப்பது போலீஸின் பொறுப்பு, இல்லாவிட்டால் கைதே செல்லாது. அதே ஆண்டு நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. எந்தக் குற்றமானாலும் எழுத்தில், புரியும் மொழியில், ரிமாண்டுக்குக் கொண்டுபோவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்னதாகக் கொடுத்தாக வேண்டும்.

தெலுங்கு போலீஸ் மீது கோபத்தைத் திருப்ப நான் இதை எழுதவில்லை. தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் 1982இலிருந்து இருக்கிறது, ஆந்திரத்துக்கு 1986இல் ஒன்று, கேரளத்துக்கு 2007இல் ஒன்று. மூன்று பக்கமும் விசாரணை இல்லாமல் ஆளை உள்ளே வைக்கும் வசதி இருக்கிறது. படிக்க முடியாத மங்கலான நகலைக் கொடுத்ததற்காகவும், மொழிபெயர்ப்பு கொடுக்காததற்காகவும் சென்னை உயர் நீதிமன்றம் காவல் ஆணைகளை ரத்து செய்திருக்கிறது. சட்ட நுணுக்கத்தைப் பிடித்துத் தப்பிக்கிறார்கள் என்று டீக்கடையில் திட்டுவார்கள். நகல் எடுப்பதே என் பிழைப்பு. மை தீர்ந்த மெஷினில் வந்த தாளை வைத்துக்கொண்டு ஒருவன் தன் பக்கத்து நியாயத்தை எப்படி எழுதுவான்? ஒடிசாவிலிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வந்த பையனுக்குத் தமிழில் தாள் நீட்டினாலும் அது இதே அநியாயம்தான்.

எல்லையோர ஸ்டேஷன்களில் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றிலும் அச்சடித்த படிவம் இருக்கட்டும். நாள், இடம், பிரிவு எழுதும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடித்து வைக்கலாம். மொழி தெரிந்த ஒரு ஏட்டையா இல்லாத ஸ்டேஷன் இந்தப் பக்கத்தில் கிடையாது. இலவசச் சட்ட உதவி முதல் ரிமாண்டிலிருந்தே உண்டு என்பதையும் அந்தப் படிவத்திலேயே எழுதுங்கள்.

அந்த அம்மாவுக்குத் தாளைப் படித்துச் சொன்னேன். கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. தமிழில் அடித்துக் கொடுத்தேன், சட்ட உதவி வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஐந்து வாரம் கழித்து ஜாமீன் கிடைத்தது.

வெளியே வந்த அன்று பையன் கடைக்கு வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். "அண்ணா, அந்தத் தாளை எனக்கு ஒருதடவ மொதல்லேர்ந்து படிங்க" என்றான். நின்றுகொண்டே கேட்டான். நான்காவது வரியில், இந்த இடத்தில் பிடிபட்டார் என்று ஒரு காட்டின் பெயர் வரும். அங்கே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னான்.

"அது எங்கண்ணா இருக்குது? என்ன புடிச்சது பஸ் ஸ்டாண்டுலண்ணா."

ஜட்ஜ் முன்னால் நிறுத்தியபோது இதைச் சொன்னாயா என்று கேட்டேன்.

"இதுல அப்படி எழுதியிருக்குதுன்னு இப்பத்தானண்ணா தெரியுது."