2013 கான்: தங்கப்பனை மூவருக்கும்தான்

2013 கான் திரைப்பட விழாவில் ‘ப்ளூ இஸ் த வார்மஸ்ட் கலர்’ படத்துக்கான தங்கப்பனை (அவ்விழாவின் உயரிய விருது) இயக்குநருக்கு மட்டும் கிடைத்தது, நடிகைகள் இருவரும் சிறந்த நடிகை விருதைப் பகிர்ந்துகொண்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியில்லைங்க. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தலைமையிலான நடுவர் குழு, தங்கப்பனையையே இயக்குநர் அப்தெலத்தீஃப் கெஷிஷ், நடிகைகள் அதெல் எக்ஸார்கோபூலோஸ், லெயா செய்தூ ஆகிய மூவருக்கும் சேர்த்து அறிவித்தது. வழக்கத்தில் இல்லாத முடிவு. ஆனால் கண்ணீரும் மூக்கொழுகலுமாய் ஒரு முகத்தை அத்தனை நெருக்கத்தில் நம்பி எடுத்த படத்துக்கு இதுதான் நியாயம் என்பேன். அந்த ஆண்டின் சிறந்த நடிகை, ‘தி பாஸ்ட்’ படத்தில் நடித்த பெரெனிஸ் பெஜோ. கான் விழாவின் தளத்தில் 2013 விருதுப் பட்டியலிலேயே அவர் பெயர் இருக்கும். தங்கப்பனைக்கு, நிறைவு விழாக் காணொளியைத் தேடிப் பாருங்கள். மூவரும் ஒன்றாக மேடையேறுவது தெரியும்.