டாமரிண்ட் தமிழ்ச் சொல் இல்லை. இதைச் சொன்னால் நான் துரோகியா?

நேற்று, புளியின் ஆங்கிலப் பெயரான டாமரிண்ட் தமிழிலிருந்து வந்தது என்ற பதிவுக்குக் கீழே நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 'தமிழ்', 'இந்து' இரண்டும் சேர்ந்து டாமரிண்ட் ஆனதாம். இல்லைங்க, அது அரபியின் 'தமர் ஹிந்தி', இந்தியப் பேரீச்சை என்று பொருள், என இரண்டே வரி எழுதினேன். உடனே துரோகி என்று பட்டம். இரவு தூக்கமே வரவில்லை.

மறுபடியும் சொல்கிறேன், டாமரிண்ட் தமிழ்ச் சொல் இல்லை. 'அரபிக்காரன் நம்மிடம் எடுத்திருக்கலாமே' என்கிறார்கள். பேரீச்சையைக் குறிக்கும் அந்தத் 'தமர்' என்ற சொல் அரபியின் சகோதர மொழியான எபிரேயத்திலும் உண்டு. பைபிளில் வரும் தாமார் என்ற பெண்ணின் பெயரே அதுதான். ஹிந்தி என்பதும் அங்கே மொழி இல்லை, இந்தியாவைச் சேர்ந்தது என்றுதான் அர்த்தம்.

நானும் ஒரு காலத்தில் இதை நம்பியவன். கூட வேலை பார்த்த அரபி நண்பரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. ஒரு பேரீச்சம்பழத்தை என் உள்ளங்கையில் வைத்து, 'தமர்' என்றார். விரலில் ஒட்டிய அந்தப் பழுப்புச் சதையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஓடு நீக்கிய புளியும் அதே நிறம், அதே பிசுபிசுப்பு, உள்ளே கொட்டை. பார்த்தவன் வேறு என்ன பெயர் வைப்பான்?

1753-ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் புளிய மரத்துக்கு 'டாமரிண்டஸ் இண்டிகா' என்று பெயர் வைத்தார். பெயரில் இந்தியா இரண்டு தடவை வருகிறது, மரத்தின் பூர்வீகமோ ஆப்பிரிக்கா. பெயரை வைத்துப் பிறப்பைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

'உனக்குத் தமிழ்மேல் பற்று இல்லை' என்று ஒருவர். பற்று இருப்பதால்தான் பேசுகிறேன். புளி நம் சொல். நாக்கில் பட்ட சுவையையே பழத்துக்குப் பெயராக வைத்தோம். மலாய்க்காரர்களும் அப்படியே, 'அசாம்' என்றால் புளிப்பு, புளியும் அதுதான். வெட்டிவேர் நம் சொல். பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் 'வெட்டிவர்' என்று போயிருக்கிறது. அதைப் பேசுங்களேன்!

அப்புறம் இஞ்சி. இஞ்சிவேர் என்ற தென்னகச் சொல்தான் பழைய பாலி மொழியில் 'சிங்கிவேர' ஆகி, கிரேக்கம் வழியாக 'ஜிஞ்சர்' ஆனது என்று சொல்லாய்வாளர்கள் காட்டுகிறார்கள். சமஸ்கிருதத்தில் அதை 'சிருங்கவேர' ஆக்கி, கொம்பு போன்ற உடல் என்று பொருள் சொன்னார்கள். அதைக் கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. ஓசை ஒத்துப்போகிறது என்பதற்காக அதே காரியத்தை அரபிச் சொல்லுக்கு நாம் செய்யலாமா?

திட்டியவர்களில் முகம் தெரியாதவர்களைப் பற்றிக் கவலையில்லை. பத்து வருஷமாகப் பழகியவரும் அதில் இருந்தார், அதுதான் வலிக்கிறது. கமெண்டை எடுத்துவிடச் சொல்லி இன்பாக்ஸில் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எடுக்க மாட்டேன்.