ஜி.ஓ. நம்பர் சரி, துறை எது?

போன வாரம் இங்கே ஒரு சண்டை. இட ஒதுக்கீட்டு விவாதத்தில் ஒருவர், அரசு வேலையை வகுப்புவாரியாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்ன 1921-ஆம் வருஷத்து அரசாணையின் (ஜி.ஓ.) படத்தைப் போட்டு, "அன்னையிலிருந்தே ஒதுக்கீடு இருக்கு, இதான் ஆதாரம், இதுக்கு மேல பேச்சு கிடையாது" என்றார். எதிரணியில் இன்னொருவர், "அப்படியெல்லாம் நடந்திருந்தா ரெக்கார்டு இருக்கணுமே, எங்க காட்டுங்க" என்றார். நடுவில் என்னைக் கோத்துவிட்டார்கள். "அண்ணன்தான் வாரத்துல மூணு நாள் எழும்பூர்ல உட்கார்ந்திருக்காரே, அவர் சொல்லட்டும்." இது போதாதென்று என் அக்கா மகன் வேறு: "மாமா, எல்லாந்தான் ஆன்லைன்ல வந்துடுச்சே, இன்னும் எதுக்கு அங்க போய்த் தூசி தின்னுட்டு இருக்க?"

கமெண்டில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் இந்த நீளம். பொறுமை இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டு நகரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எழும்பூர் என்பது தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ரயில் நிலையத்தை ஒட்டிய காந்தி இர்வின் சாலையில் 1909-இல் கட்டிய சிவப்புக் கட்டடம். 1973 வரை அதன் பெயர் மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் காகிதங்கள் 1670 தொடங்கி அங்கே இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து கட்டுக்கட்டாகச் சித்தூர்ப் பக்கம் அனுப்பி, அப்புறம் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். மனிதர்களே மூட்டை கட்டிக்கொண்டு ஊரைக் காலி செய்த நேரம் அது.

உள்ளே போனதும் பழைய காகிதம் கைக்கு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. முதலில் வருவது இன்டெக்ஸ். ஒவ்வொரு துறைக்கும் ஆண்டுக்கு ஒன்று என்று அச்சடித்த தடிப் புத்தகம். அதில் தலைப்பைப் பிடித்து, எண், தேதி, துறை மூன்றையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால்தான் கட்டு மேசைக்கு வரும். காலையில் போனவன் மதியச் சாப்பாடு வரைக்கும் இன்டெக்ஸ்தான் புரட்டிக்கொண்டிருப்பான். ஆராய்ச்சி என்று நாங்கள் கௌரவமாகச் சொல்லிக்கொள்ளும் வேலையில் முக்கால்வாசி இதுதான்.

அந்த இன்டெக்ஸ் நம் மொழியில் யோசிக்காது. தலித் வரலாறு என்று தேடிப்போனால் அப்படி ஒரு தலைப்பு இருக்காது. ஆதிதிராவிடர் என்று தேடுவீர்கள். அரசு அந்தப் பெயரை ஏற்றதே 1922-இல். அதற்கப்புறமும் குமாஸ்தாக்கள் பழைய பெயர்களை விட்டபாடில்லை. நான் முதல் ஆறு மாதம் இப்படித்தான் அலைந்தேன். கூட உட்கார்ந்திருந்த ஒரு பேராசிரியர்தான் பரிதாபப்பட்டு, "லேபர்ல பாருங்க" என்றார். தொழிலாளர் துறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 1920 வாக்கில் 'ஒடுக்கப்பட்ட வகுப்பினர்' நலனைக் கவனிக்கும் பொறுப்பை லேபர் கமிஷனரிடம் கொடுத்துவிட்டார்கள். மனை, கிணறு, பள்ளிக்கூடம், சுடுகாட்டுப் பாதை எல்லாம் அந்தத் தலைப்பின் கீழே போய் ஒளிந்துகொண்டன. சில ஊர்களில் பெரியவர்கள் ஆதிதிராவிடர் பள்ளியை 'லேபர் பள்ளிக்கூடம்' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதற்குக் காரணம் இதுதான்.

ஊர்ப்பெயர்க் கூத்து தனி. தூத்துக்குடி டூட்டிகோரின், திருநெல்வேலி டின்னவெல்லி, தரங்கம்பாடி ட்ரான்க்விபார். இதெல்லாம் தெரிந்த கதை, சமாளித்துவிடலாம். முத்துசாமியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியும் என்று ஒரு நாள் எண்ண ஆரம்பித்தேன், ஏழோடு நிறுத்திவிட்டேன். தேடுபொறியில் நீங்கள் எட்டாவதாக ஒன்றைத் தட்டுவீர்கள். 'முடிவுகள் இல்லை' என்று வரும். உடனே இங்கே வந்து "அப்படி ஒரு ஆளே இல்லை" என்று பதிவு போடுவீர்கள்.

ஆன்லைனில் வந்ததை நான் குறை சொல்லவில்லை. கண் வலிக்குது சாமி, வரட்டும், எல்லாமே வரட்டும். எடுத்தால் அப்பளம் மாதிரி உடைகிற தாளைத் திரும்பத் திரும்பத் தொடாமல் இருப்பது அந்தத் தாளுக்கும் நல்லது. ஆனால் படமாக மாறினாலும் அது அதே குமாஸ்தா போட்ட தலைப்பில்தான் கிடக்கிறது. தலைப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாதவனுக்கு எழும்பூரும் ஒன்றுதான், இணையமும் ஒன்றுதான்.

சரி, நம்பர் விஷயத்துக்கு வருகிறேன். என் சொந்த அசட்டுத்தனத்தையே சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மனுவைப் பார்த்தேன். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை என்று சேரி மக்கள் கொடுத்தது. அழகான நாலு வரியை நோட்டில் பெயர்த்து எழுதி, பக்கத்தில் ஜி.ஓ. எண்ணும் வருஷமும் குறித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். துறையைக் குறிக்கவில்லை. கட்டுரை எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. ஒவ்வொரு துறையும் ஜனவரியில் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கும். அதே எண் வருவாய்த் துறையில் இருக்கும், நீதித் துறையில் இருக்கும், பொதுத் துறையிலும் இருக்கும். தெருப்பெயர் இல்லாமல் கதவு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வீடு தேடுகிற கதை. இரண்டு வாரம் சீட்டு எழுதி எழுதிக் கடைசியில் 'லோக்கல் அண்ட் முனிசிபல்' துறையில் அகப்பட்டது. கிணறு தாலுகா போர்டுக்குச் சொந்தமாம். இப்போது நோட்டில் துறையைத்தான் முதலில் எழுதுகிறேன், அதுவும் சிவப்புப் பென்சிலில்.

ஆகவே இங்கே சுற்றும் படங்களில் "ஜி.ஓ. எண் இத்தனை, வருஷம் இத்தனை" என்று மட்டும் இருந்தால் நான் நம்பவும் மாட்டேன், மறுக்கவும் மாட்டேன். துறையைக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது.

துறையும் இருக்கிறது என்றே வையுங்கள். அரசாணை என்பது ஒரு கோப்பின் கடைசிப் பக்கம். பல நேரம் ஒரே ஒரு வாக்கியம். சில சமயம் 'பதிவு செய்யப்பட்டது' என்று மட்டும் இருக்கும். 'படித்தோம், ஒன்றும் செய்யப் போவதில்லை' என்பதற்கு அரசாங்க மொழி அது. அதற்குப் பின்னால் இருக்கும் குறிப்புப் பக்கங்கள்தான் விருந்து. கீழ்நிலை எழுத்தர் ஒன்று எழுதுவார், துணைச் செயலர் பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார், மேலே உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரர் "இதைச் செய்தால் மிராசுதார்கள் சும்மா இருப்பார்களா?" என்கிற தொனியில் இரண்டு வரி கிறுக்குவார். இத்தனைக்கும் அப்புறம் ஆணை வெளுத்துப்போய் வெளியே வரும். குறிப்பைப் படிக்காமல் ஆணையை மட்டும் படிப்பது, பஞ்சாயத்து முழுக்க முடிந்தபின் வந்து தீர்ப்பை மட்டும் கேட்டுவிட்டுப் போவது மாதிரி.

ஆணை போட்டாலே நடந்துவிட்டது என்றும் இல்லை. நம் சண்டைக்குக் காரணமான வகுப்புவாரி அரசாணையையே எடுத்துக்கொள்ளுங்கள். எண் 613, 1921 செப்டம்பர் 16, நீதிக்கட்சி ஆட்சி. அதைப் போட்டுவிட்டு "அன்றிலிருந்து ஒதுக்கீடு" என்று எழுதுகிறோம். சில வருஷம் கழித்து, சுப்பராயன் அமைச்சரவையில் முத்தையா முதலியார் வந்து இன்னோர் ஆணை போட்டு, வேலைகளை வகுப்புகளுக்கு முறைவைத்துக் கொடுக்கும் சுழற்சி முறையைக் கொண்டுவந்த பிறகுதான் அது பலன் தரத் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் யார் யாரைத் தடுத்தார்கள், எந்த அலுவலகம் சாக்குச் சொன்னது என்பதெல்லாம் கோப்புகளுக்குள் இருக்கிறது. படம் போட்டவரும் அதைப் படிக்கவில்லை, மறுத்தவரும் படிக்கவில்லை.

"ரெக்கார்டு இருக்கணுமே" என்ற நண்பருக்கு ஒரு கேள்வி. உங்கள் வீட்டுக்கு அரசு அலுவலகத்திலிருந்து எப்போதாவது கடிதம் வந்திருந்தால் மேலே பாருங்கள். ந.க. எண் என்றோ (கோப்பு இன்னும் நடப்பில் இருக்கிறது என்று அர்த்தம்), மூ.மு. எண் என்றோ, ஓ.மு. எண் என்றோ இருக்கும். மூ.மு. என்றால் மூன்றாண்டு முடிவு. மூன்று வருஷம் வைத்திருந்துவிட்டுக் கழித்துவிடலாம். ஓ.மு. ஒரே வருஷம். ப.மு. பத்து வருஷம். நி.மு. மட்டும்தான் நிரந்தரம். ஆங்கிலத்தில் இதையே வரிசையாகக் கே.டிஸ்., எல்.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். என்பார்கள். எந்த முடிவு போடுவது என்று விதி இருக்கிறது, மேலதிகாரி கையெழுத்தும் உண்டு. இருந்தாலும் ஒரு கோப்பை மூடும்போது பிரிவு எழுத்தர் எழுதும் அந்த இரண்டெழுத்துதான் நூறு வருஷம் கழித்து நமக்கு என்ன கிடைக்கும் என்பதை முடிவு செய்கிறது. ஜமீன்தாரின் எல்லைத் தகராறு நி.மு. ஆகும். கூலிக்காரர் கொடுத்த மனு ஓ.மு. ஆகும். அப்புறம் நாம் போய்க் கூலிக்காரர்கள் மனுவே கொடுக்கவில்லை, சொன்னபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று எழுதுவோம்.

அழிந்துபோனது எப்போதாவது எதிர்பாராத மூலையில் தலைகாட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி முழுக்க, உள்ளூர் மொழிப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று அரசாங்கம் ஆள் வைத்துப் படித்து, ஆங்கிலத்தில் சுருக்கி அறிக்கை போட்டது. வேவு பார்ப்பதற்காகச் செய்தது. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய 'பறையன்' போன்ற இதழ்களின் அசல் பிரதிகள் கைக்குக் கிடைப்பது அரிது. அவற்றில் என்ன இருந்தது என்று அறிய இன்று அந்த வேவு அறிக்கைகளைத்தான் புரட்டுகிறோம். அதிலும் மொழிபெயர்ப்பாளர் எதை முக்கியம் என்று நினைத்தாரோ அது மட்டும்தான் இருக்கும்.

அந்த அறையில் ஆய்வாளர்கள் மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முனைவர் பட்டத்துக்கு வருகிறவர்களைவிட நிலத்துக்காக வருகிறவர்கள் அவசரக்காரர்கள். கோர்ட்டில் வாய்தா இருக்கும். செட்டில்மென்ட் ரிஜிஸ்டர், இனாம் பதிவேடு என்று பழைய நிலக் கணக்குகளைக் கேட்டு வருவார்கள். போன மாதம் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு வந்திருந்தார். பையில் பசலி 1341-ஆம் வருஷத்துக் கிஸ்து ரசீதின் ஜெராக்ஸ். பசலி என்பது வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கு, கிஸ்து என்பது நிலவரி. பசலியோடு 590-ஐக் கூட்டினால் 1931. அந்த ஜூலையிலிருந்து அடுத்த ஜூன் வரை. அவர் தேடுவது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட வருவாய்த் துறை ஆணை 1010-இன் வழியாக ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குக் கிடைத்த நிலம். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்கப்புறம் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை. இப்போது அது வேறு யார் பட்டாவிலோ இருக்கிறது.

முதலில் என்னை "சார்" என்றுதான் கூப்பிட்டார். சீட்டில் அவர் எழுதியிருந்தது தன்னுடைய காலனியின் பெயர். காலனி வருவாய்க் கிராமம் கிடையாது. பதிவேடு பக்கத்து ஊரின் பெயரில் இருக்கும். தாலுகா என்று செய்யூர் போட்டிருந்தார். அந்தக் காலத்தில் அது மதுராந்தகம். இரண்டையும் மாற்றி எழுதிக் கொடுத்தோம். ஒன்றரை மணி நேரத்தில் கட்டு வந்தது.

பழைய சர்வே எண்ணை விரலால் பிடித்துக்கொண்டே குறுக்கே போனேன். நஞ்சையா புஞ்சையா, பரப்பு, தீர்வை, பெயர். கடைசிக் கட்டத்தில் மங்கிய மையில் இரண்டெழுத்து. "என்னா தம்பி போட்டிருக்கு?" என்றார். டி.சி. என்று போட்டிருக்கிறது ஐயா, டிப்ரெஸ்டு கிளாஸ், உங்கள் ஆட்களுக்குக் கொடுத்தது என்று சொன்னேன். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை, ஏற்கெனவே தெரிந்ததுதானே. "பூட்டன் பேரு இருக்கா பாரு" என்றார். இருந்தது. ஆங்கிலத்தில் தப்பும் தவறுமாக. மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை அவரே திருத்தினார்: "அப்படிச் சொல்ல மாட்டோம் தம்பி, மண்ணாங்கட்டி. மண்ணாங்கட்டின்னுதான் சொல்லுவோம். மூணு புள்ள செத்துப் பொறந்தது, அதான் அந்தப் பேரு."

பேனாவுக்கு அனுமதி இல்லாததால் என் சிவப்புப் பென்சிலை வாங்கிக் கிஸ்து ரசீது ஜெராக்ஸின் பின்பக்கத்தில் சர்வே எண்ணை எழுதிக்கொண்டார். சான்றிட்ட நகலுக்கு மனு எழுதிக் கொடுத்தோம். வெளியே வந்து ரயில் நிலையத்துக்கு எதிரே டீ குடித்தோம், காசை அவர்தான் கொடுத்தார். நகல் வாங்க வரும் செவ்வாய்க்கிழமை வருகிறார். நானும் அன்றைக்கு அங்கேதான் இருப்பேன், லேபர் இன்டெக்ஸில் இன்னும் 1934-ஐத் தாண்டவில்லை.