சிலைக்கு முதுகைக் காட்டவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?

"அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. போட்டோல விழுறீங்க!"

பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் படைப்புகள் இருக்கும் பாரிஸ் ரோதான் அருங்காட்சியகத்துத் தோட்டத்தில், அவருடைய 'சிந்தனையாளர்' சிலை முன்னால் நின்றபோது காதில் விழுந்த தமிழ் இது. நான் செய்த குற்றம், சிலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. தள்ளி நின்றேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அந்தப் பையனை மட்டும் சொல்லவில்லை. அரை மணி நேரம் அங்கேயே இருந்து பார்த்தேன், எல்லா ஊர்க்காரர்களும் அப்படித்தான். ரோஜாச் செடிகளையும் கூம்பு கூம்பாகக் கத்தரித்த மரங்களையும் தாண்டி விறுவிறுவென்று வருகிறார்கள். சிலைக்கு முதுகைக் காட்டி, தாடைக்குக் கையை முட்டுக்கொடுத்து ஒரு க்ளிக். போயே போய்விட்டார்கள்!

அந்த போஸாவது சரியா? வலது முழங்கையை வலது தொடையில் ஊன்றுகிறார்கள். ஐயா, அவர் ஊன்றியிருப்பது இடது தொடையில்! வீட்டில் உட்கார்ந்து செய்து பாருங்கள். இடுப்பு முறுக்கிக்கொள்ளும், முதுகு இழுக்கும். யோசிக்கிறவனின் அவஸ்தை முழுக்க அந்த முறுக்கில்தான் இருக்கிறது. கால் விரல்கள்கூடப் பாறையைக் கவ்விக்கொண்டிருக்கும். பின்னால் போய் அந்த முதுகைப் பார்க்க ஒருத்தருக்கும் பொறுமை இல்லை.

கொஞ்சம் தள்ளி 'நரகத்தின் வாயில்' என்ற பிரம்மாண்டமான கதவுச் சிற்பம். 1880இல் கைவைத்த வேலை. வெண்கலத்தில் வார்த்துப் பார்க்கக் கொடுத்துவைக்காமலே 1917இல் ரோதான் கண்ணை மூடினார். அதன் மேல்பகுதியில் சின்னதாக அதே சிந்தனையாளர் உட்கார்ந்திருக்கிறார். அவர் பிறந்த இடமே அதுதான். யாராவது அண்ணாந்து பார்க்க வேண்டுமே!

'கலே நகரத்தார்' சிலைப் பக்கம் போனால் இன்னும் மோசம். 1347இல் ஆங்கிலேயரின் முற்றுகையிலிருந்து கலே என்ற தங்கள் பிரெஞ்சு ஊரைக் காப்பாற்றக் கழுத்தில் கயிறும் கையில் சாவியுமாகச் சாகத் துணிந்து போன ஆறு பேர். அவர்கள் காலடியில் காபி கப்பை வைத்துவிட்டு ஒருவர் போனில் சிரித்துக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் வெண்கலத்தைத் தடவிக்கொண்டே நிற்கிறார். கை வியர்வையும் எண்ணெயும் பட்டுப்பட்டு அந்த நிறம் தேய்ந்துபோகும் என்ற நினைப்பே கிடையாது.

எனக்கு மனசு ஆறாத விஷயம் வேறு. இந்த ரோதான் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னை அருங்காட்சியகத்து நடராசரின் போட்டோக்கள்தான் அவர் கைக்குப் போயின. அவற்றை வைத்துக்கொண்டே 1913இல் முகம், வாய், கை, கால் என்று உருகி உருகிக் கட்டுரை எழுதினார். எங்கோ திருவாலங்காட்டு மண்ணிலிருந்து கிடைத்த சிலை! வெறும் காகிதத்தில் அவ்வளவு பார்த்திருக்கிறார்.

இதை அந்தத் தம்பியிடம் சொல்லிவிட வேண்டும் என்று திரும்பினேன். அவன் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தான். நான் நின்ற இடத்தில் வேறொருவர், முதுகைக் காட்டிக்கொண்டு.