பணம் வரவில்லையா, வேறு வங்கிக்குப் போயிருக்கும்
விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பி.எம். கிசான் உதவித்தொகையின் தவணை, விடுவித்த அன்றே பாஸ்புக்கில் ஏறிவிடும் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது முழுக்கச் சரியில்லை. அந்த 2,000 ரூபாய் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதார் எண்ணைப் பார்த்து வருகிறது. பென்னாகரம், ஊத்தங்கரைப் பக்கம் கூட்டுறவு வங்கியில் ஒரு கணக்கு, நகைக்கடனுக்காக வேறு வங்கியில் இன்னொன்று என்று வைத்திருப்பது சாதாரணம். மானியத்துக்காகக் கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைக்கச் சம்மதம் கொடுத்தார்களோ, பணம் அங்கேதான் விழும். பழைய பாஸ்புக்கில் மட்டும் என்ட்ரி போட்டுப் பார்த்துவிட்டு, பாவம், வயசானவர்கள் தாலுகா ஆபீஸுக்கு அலைகிறார்கள். கே.ஒய்.சி. என்கிற அடையாளச் சரிபார்ப்புக்கு ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தாலே இந்த இணைப்பு ஆகிவிடாது. மானியம் பெறச் சம்மதம் என்று தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். மை ஆதார் தளத்தில் ஓ.டி.பி. போட்டு ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ (வங்கி இணைப்பு நிலை) பார்த்தால் எந்த வங்கி என்று பெயரோடு காட்டும். ஓ.டி.பி. வர, ஆதாரில் இப்போதைய செல் நம்பர் இருக்க வேண்டும்.